பழவேற்காட்டில் ஒரு லினக்ஸ் மடிக்கணினி

லினக்ஸ் என்று சொன்னாலே காமர்ஸ் படிக்கிற கூட்டம் இரண்டடி பின்னால் போய் நின்றுகொள்ளும். "அது கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க சமாச்சாரம்ப்பா" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு புள்ளி தப்பாக அடித்தால் எல்லாம் அழிந்துபோகும் என்கிற பயம்... இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்த லட்சக்கணக்கானவர்களின் வீட்டுக்குள் லினக்ஸ் ஏற்கெனவே ஒருமுறை வந்து போய்விட்டது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது!

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் ஆண்டுக்கான இலக்கே 9 லட்சத்தைத் தாண்டியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்தக் கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்று எல்லாருக்கும் தெரிந்த விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம்தான் பாஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்து 2007-இல் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மெனு, விசைப்பலகை எல்லாம் வேண்டும் என்பதற்காகவே செய்தது. கிண்டல் செய்ய வசதியான பெயர் என்பதைத் தவிர வேறு எந்தக் குறையும் முதல் பார்வையில் சொல்ல முடியாது.

அப்புறம் என்ன ஆனது? கணினியைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் பாஸ் ஒரு வரி, விண்டோஸ் ஒரு வரி. பள்ளிக்கூடத்தில் யாரும் அந்த பாஸ் வரியைப் பற்றி ஒரு பீரியடு எடுத்துச் சொல்லவில்லை. நாலு மாதத்தில் வைரஸ் வந்து விண்டோஸ் படுத்தது. பக்கத்து டவுன் கடைக்குக் கொண்டு போனார்கள். கடைக்காரர் முந்நூறோ ஐந்நூறோ வாங்கிக்கொண்டு, திருட்டு விண்டோஸ் ஒன்றைப் போட்டு, "இதுல லினக்ஸ்னு ஒண்ணு இடத்த அடைச்சிக்கிட்டு இருக்கு, தூக்கிடவாம்மா?" என்று கேட்டார். "சரிங்கண்ணா" என்று பதில் வந்தது. அவ்வளவுதான், ஒரு இயங்குதளத்தின் வாழ்க்கை முடிந்தது. தமிழ்நாட்டில் மாணவர்கள் எந்த இயங்குதளத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று முடிவு செய்தது அரசும் இல்லை, மைக்ரோசாஃப்டும் இல்லை, ஃபார்மட் போடுகிற அண்ணன்கள்தான்!

இப்போது அந்தக் கதையின் இரண்டாம் பாகம் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்க்கச் சரியான இடம் பழவேற்காடு.

பழவேற்காட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி இது. இறால், நண்டு, மடவை என்று ஏரியை நம்பிச் சுற்றிலும் குப்பங்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா என்று கோட்டை கட்டி, சோழமண்டலக் கரைத் துணியை வாங்கி இந்தோனேசியத் தீவுகளுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் உலக வணிகத்தின் கணக்குப் புத்தகம் எழுதப்பட்ட ஊர். இன்றைக்கு அதே ஊரிலிருந்து காலேஜ் போக, கணினி ரிப்பேர் பார்க்க, எதற்கும் பொன்னேரிக்கு பஸ் பிடிக்க வேண்டும். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் வாசலில் நின்றே பார்க்கலாம்.

அங்கே ஒரு குப்பத்தில் ஒரு வீடு. அப்பாவுக்கு ஏரித் தொழில். அம்மா மீன் விற்பதோடு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கையும் பார்த்துக்கொள்கிறார். அக்கா பிளஸ் டூ படித்தபோது வாங்கிய விலையில்லா மடிக்கணினி, அக்கா கல்யாணமாகிப் போன பிறகு பீரோவின் மேல் துணி சுற்றிக் கிடந்தது. தங்கை இப்போது பி.காம். (ஊர் பேரும் ஆள் பேரும் வேண்டாம். இந்த மாவட்டத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இப்படி ஒரு பீரோவும் அதன் மேல் ஒரு மடிக்கணினியும் உண்டு.)

தங்கை அதை எடுத்து மாட்டினால் விண்டோஸ் 7 வந்தது. ஃபார்மட் அண்ணன் என்றைக்கோ போட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு மைக்ரோசாஃப்ட் முழுக்குப் போட்டுவிட்டது. 2023-இல் குரோம் உலாவியும் அதைக் கைவிட்டது. அதனால் ஒரு தளம் திறந்தால் இன்னொன்று "உங்கள் உலாவி பழையது" என்று துரத்தும். சரி, புதுசு போடலாம் என்றால் விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி நினைவகம் கேட்கிறது, டிபிஎம் 2.0 என்று ஒரு பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. அக்காவின் கணினியில் 2 ஜிபிதான். டிபிஎம் என்றால் என்னவென்று அதற்கே தெரியாது. பொன்னேரிக் கடையில் "பேசாம எக்ஸ்சேஞ்சுல போட்டுடும்மா" என்றார்கள். அதற்குக் கிடைக்கும் விலையைக் கேட்டால் பஸ் டிக்கெட் காசுகூடத் தேறாது போலிருந்தது.

ஆக, 2011-இல் இரண்டு வரிகளில் ஒன்றாக வந்து அழிக்கப்பட்ட லினக்ஸ், இப்போது அந்தக் கணினிக்கு மிஞ்சியிருக்கிற ஒரே வரி. விலை மலிவான லினக்ஸ் மடிக்கணினி எங்கே கிடைக்கும் என்று யாரும் தேட வேண்டியதில்லை, பீரோ மேல் பார்த்தால் போதும்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த சித்தப்பா மகன் (அம்பத்தூரில் வேலை) ஒரு பென்டிரைவில் லினக்ஸ் கொண்டு வந்தான். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்கிற லேசான பதிப்பு. ஒரு மணி நேரத்தில் போட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டான். அதற்கப்புறம் அந்தப் பெண்ணும் கணினியும் மட்டும்தான். அந்த முதல் வாரம்தான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

முதல் நாள், வைஃபை இல்லை. அந்தக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் பிராட்காம் என்ற நிறுவனத்தின் சில்லு இருக்கும். அதற்கான டிரைவரைத் தனியாகத்தான் இறக்க வேண்டும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும்! வாசலில் நின்றால் ராக்கெட் தெரிகிற ஊரில் வைஃபை கிடைக்கவில்லை என்று அழுகை வராத குறை. போனில் கேட்டபோது சித்தப்பா மகன் சொன்ன வழி சுலபமாக இருந்தது. செல்போனை சார்ஜர் வயரில் கணினியோடு இணைத்து, யுஎஸ்பி டெதரிங்கை அழுத்தினால் இணையம் வந்துவிடும். டிரைவர் மேனேஜர் என்ற இடத்துக்குப் போனால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கே கணினி திரும்பவும் பீரோ மேல் போயிருக்கும்.

இரண்டாம் நாள் இன்னொரு கூத்து. ஏதோ ஒரு கட்டளையை டெர்மினலில் ஒட்டினால் பாஸ்வேர்டு கேட்டது. அடித்தால் திரையில் ஒன்றுமே வரவில்லை. ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை. "அண்ணா, கீபோர்டு போயிடுச்சு போல. உப்புக் காத்துல வீணாப்போச்சுன்னு நெனைக்கிறேன்" என்று மறுபடி போன். உப்புக் காற்று மேல் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஏரிக்கரையில் ஆணி, பூட்டு, யுஎஸ்பி துளை எல்லாமே துருப்பிடிக்கும். ஆனால் இங்கே குற்றவாளி உப்பு இல்லை. அடிப்பது காட்டாமல் இருப்பதுதான் அங்கே வழக்கம். அடித்துவிட்டு என்டர் தட்டினால் போதும். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு இது சிரிப்பு. முதல்முறை பார்க்கிறவருக்கு, "இது எனக்கானது இல்லை" என்று கணினியே முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருக்கும். இந்த மாதிரிச் சின்னச் சின்ன முகத்திருப்பல்கள் லினக்ஸில் நிறைய உண்டு. அதை ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் :)

வேகம் எப்படி? திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது, பழைய ஹார்டு டிஸ்க் அப்படி. திறந்தபின் எழுதுவது, கணக்குப் போடுவது, பாட்டுக் கேட்பது எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. உலாவியில் இரண்டு டேப் வரை பரவாயில்லை. ஐந்தாவது டேப் திறந்தால் ஏரியில் சேற்றில் சிக்கிய படகு கதைதான். 2 ஜிபி நினைவகத்தை எந்த இயங்குதளம் வந்தாலும் 8 ஜிபியாக மாற்ற முடியாது. "லினக்ஸ் போட்டால் பழைய கணினி புதுசாகிவிடும்" என்று சொல்லித் திரிகிறவர்கள்தான் லினக்ஸுக்குப் பெரிய எதிரிகள். புதுசாகாது. வேலை செய்யும். அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் வராது. ரிச்சி தெருவில் பழைய ரேம் ஒன்று வாங்கிப் போட்டால் இன்னும் கொஞ்சம் ஓடும்.

பேட்டரி செத்துப் பல காலம். சார்ஜர் மாட்டினால்தான் உயிர். கரண்ட் போனால் கணினியும் போகும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே விளக்கு சிமிட்டுகிற கடலோரக் குப்பத்தில் இது சின்ன விஷயம் இல்லை. முதல்முறை அப்படிப் போனபோது அசைன்மென்ட் பாதியில் நின்றது. திரும்பத் திறந்தால் லிப்ரே ஆபீஸ், "மீட்டெடுக்கவா?" என்று கேட்டது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமித்து வைக்கிற பழக்கம் அதற்கு உண்டு. அதை இரண்டு நிமிடமாக மாற்றிக்கொள்ள மூன்றாம் நாளே கற்றுக்கொண்டாள்.

தமிழில் தட்டச்சு செய்வதுதான் எதிர்பாராத மகிழ்ச்சி. யுனிகோடு தமிழ் எந்த எழுத்துருவையும் தேடாமல் ஒழுங்காகத் தெரிந்தது. அமைப்பில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்க முடிந்தது. தமிழக அரசே 1999-இல் தரப்படுத்திய விசைப்பலகைதான் அது, பள்ளியில் யாரும் சொல்லித் தந்ததில்லை என்பது வேறு விஷயம். மெனுக்களையும் தமிழுக்கு மாற்றிப் பார்த்தாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். "கோப்பு", "திருத்து" என்று வந்ததைப் பார்த்து அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தார். "இன்னாடி இது, கம்ப்யூட்டர்ல நம்ம எழுத்து வருது?" என்று கேட்டாராம். அதே நேரத்தில் சீனியர் அக்காவிடமிருந்து வந்த தமிழ் வினா வங்கியைத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினியில் அடித்தது. 2010-லேயே தமிழக அரசு யுனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் ஜெராக்ஸ் கடைகளில் பாமினியும் வானவில்லும் இன்னும் ராஜ்யம் நடத்துகின்றன. இது லினக்ஸின் தப்பு இல்லை. பழியென்னவோ அதன்மேல்தான் விழுகிறது.

சரி, காமர்ஸ் மாணவர்கள் எல்லாரும் கேட்கப் போகிற கேள்வி ஒன்றுதான். டேலி ஓடுமா?

ஓடாது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. டேலி விண்டோஸுக்காகச் செய்தது. ஒயின் என்ற மென்பொருளை வைத்து லினக்ஸில் ஓட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. சில நேரம் ஓடும், சில நேரம் மக்கர் பண்ணும். நம்பிக் கணக்கு எழுத முடியாது. அந்தப் பெண்ணுக்கு முதல் வாரத்தில் கிடைத்த பெரிய அடி இதுதான். பி.காம் முடித்து டேலி தெரியாது என்றால் பொன்னேரியிலும் சரி, செங்குன்றத்திலும் சரி, எந்த ஆடிட்டர் ஆபீஸிலும் உள்ளே விடமாட்டார்கள். அவளுக்கு வேலை என்பது படகில் ஏறாமல் இருப்பதற்கான வழி இல்லை (பெண்களைப் படகில் யார் ஏற்றப் போகிறார்கள்?). கருவாட்டுக் கூடையைத் தலையில் ஏற்றாமல் இருப்பதற்கான வழி. அப்படிப்பட்டவளிடம் "கட்டற்ற மென்பொருள், சுதந்திரம்" என்று பேச ஆரம்பித்தால் அது அவமானப்படுத்துவதற்குச் சமம்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. டேலியின் இலவசக் கல்விப் பதிப்பில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளுக்கு மட்டும்தான் வவுச்சர் போட முடியும். பயிற்சிக்கு அது போதும். அதைக் காலேஜ் லேபில் செய்துகொள்ளலாம். வீட்டில் என்ன செய்வது? அவள் நுகேஷ் என்ற கணக்கு மென்பொருளை நிறுவிப் பார்த்தாள். லினக்ஸில் இலவசமாகக் கிடைப்பது, இரட்டைப் பதிவு முறையில் ஓடுவது. பற்றும் வரவும் சமமாகாவிட்டால் விடாது. டேலியில் எஃப்5, எஃப்6 என்று விசைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தவளுக்கு, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் பணம் போகிறது என்பது இங்கேதான் கண்ணில் பட்டது. இது டேலிக்கு மாற்று இல்லை, ஜிஎஸ்டி வேலையெல்லாம் இதில் நம் ஊர் முறைப்படி வராது. ஆனால் முதலாண்டு அக்கவுண்டன்சிக்கு இதைவிட நல்ல நோட்ஸ் கிடைக்காது. அம்மாவின் குழுக் கணக்கை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஏற்றினாள். யார் எவ்வளவு சேமிப்பு, யாருக்கு எவ்வளவு கடன், வட்டி எவ்வளவு பாக்கி. நோட்டில் பத்து பக்கம் புரட்டியது ஒரு தாளில் வந்தது. கூட்டத்தில் படித்துக் காட்டியபோது இரண்டு பெண்கள் தங்கள் வட்டிக் கணக்கில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார்களாம். கணினியில் இல்லை, நோட்டில்!

இதற்கெல்லாம் செல்போன் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அப்பாவின் போனிலேயே காற்று, அலை எல்லாம் தெரிகிறது, மீன் விலை வாட்ஸ்ஆப்பில் வருகிறது. உண்மைதான். ஆனால் போன் என்பது பார்ப்பதற்கான பெட்டி. நாற்பது பேர் கணக்கை ஐந்து அங்குலத் திரையில் கட்டைவிரலால் அடித்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

அவளை லினக்ஸ் பக்கம் நிரந்தரமாகச் சாய்த்தது இது எதுவும் இல்லை. ஒரு பென்டிரைவ்! காலேஜ் லேபில் மாட்டி எடுத்ததில் ஷார்ட்கட் வைரஸ் பிடித்துக்கொண்டது. தோழியின் புராஜெக்ட் ஃபைல் எல்லாம் மறைந்து, ஷார்ட்கட் மட்டும் நின்றது. தோழி அழுதுகொண்டிருந்தாள். இவள் வீட்டுக்குக் கொண்டுவந்து லினக்ஸில் மாட்டினால், ஃபைல் எல்லாம் அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வைரஸ் விண்டோஸில் ஃபைல்களை மறைக்கப்பட்டவை என்று குறித்து வைக்கும், அவ்வளவுதான். லினக்ஸ் அந்தக் குறியைக் கண்டுகொள்வதே இல்லை. நகல் எடுத்து, பென்டிரைவைச் சுத்தம் செய்து கொடுத்தாள். அடுத்த வாரம் பஸ்ஸில் நாலு பென்டிரைவ் கைமாறியது. இப்போது வகுப்பில் அவளுக்குப் பெயர் பென்டிரைவ் டாக்டர். முதல் வாரத்தில் கீபோர்டு போய்விட்டது என்று போன் போட்டவள்தான்.

ஒரு சின்ன இடைச்செருகல். பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று மீனவர்களே சீட்டுப் போட்டு, முறைவைத்துத் தீர்மானிக்கிற ஏற்பாடு. தலைமுறைகளாக நடக்கிறது. பொதுச்சொத்தைப் பற்றிப் பேசும் ஆய்வாளர்கள் பலர் இதை எழுதியிருக்கிறார்கள். லினக்ஸும் பொதுச்சொத்து, பாடும் பொதுச்சொத்து என்று முடிச்சுப் போட ஆசை வரும். ஆனால் பொருந்தாது. ஏரியில் ஒருவர் பிடித்த இறால் இன்னொருவருக்குக் கிடைக்காது, அதனால்தான் முறை வேண்டியிருக்கிறது. பாட்டில் உரிமை பிறப்பால் வருகிறது, பெண்களுக்கு அதில் இடம் இல்லை. மென்பொருளில் ஒருத்தி நகல் எடுத்தால் யாருக்கும் குறையாது, யாருடைய மகள் என்று அது கேட்பதும் இல்லை. பொருளாதாரப் பாடத்தில் பொதுப் பண்டம் என்று பரீட்சைக்குப் படிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? ஆனால் பண்டம் இலவசம் என்பதாலேயே அது கைக்கு வந்துவிடாது. யாராவது ஒருவர் பென்டிரைவில் கொண்டுவர வேண்டும்.

இங்கேதான் கேரளத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே ஐடி அட் ஸ்கூல் என்று 2000-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த திட்டம், பிறகு கைட் என்ற அரசு நிறுவனமாகவே மாறியது. அரசுப் பள்ளிக் கணினிகளில் லினக்ஸ்தான். பாடப்புத்தகம் அதை வைத்துத்தான், பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வும் அதில்தான். முக்கியமாக, முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் கணினியை மாணவர் கையிலேயே கொடுத்தார்கள். கொடுத்ததில் தமிழ்நாடுதான் பெரிய மனசு. கேரளத்துப் பையன் பள்ளியில் மட்டும் தொட்ட இயந்திரத்தை இங்கே குப்பத்துப் பெண் வீட்டுக்கே கொண்டுவந்தாள். ஆனால் பக்கத்தில் உட்கார ஒரு ஆளைக் கொடுக்க மறந்துவிட்டார்கள். கேரளத்தில் லினக்ஸ் நிலைத்ததற்கும் இங்கே ஃபார்மட் ஆனதற்கும் காரணம் மென்பொருளின் தரம் இல்லை. இரண்டும் டெபியன் வழி வந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

இப்படிச் சொல்வதால் தமிழ்நாட்டில் யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் பல வருடங்களாகக் கூடிப் பேசுகிறார்கள். 2012-இல் தொடங்கிய கணியம் இதழ் தமிழிலேயே எழுதித் தள்ளுகிறது. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்துக் கல்லூரி மாணவர்களை உட்கார வைத்துச் சொல்லித் தருகிறது. எல்லாம் சொந்தக் காசும் சொந்த ஞாயிற்றுக்கிழமையும் போட்டுச் செய்கிறவர்கள். அவர்களால் எத்தனை குப்பத்துக்குப் போக முடியும்?

இப்போது ஏன் இதையெல்லாம் கிளற வேண்டும் என்றால், 2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அறிவித்தார்கள். 2026 ஜனவரியில் கொடுக்கவும் ஆரம்பித்தார்கள். 8 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. நல்ல இயந்திரம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதோடு மறுபடியும், அதே பாஸ் லினக்ஸ்! பதினைந்து வருடத்துக்குப் பிறகு அதே இரண்டு வரிப் பட்டியல். விண்டோஸ் இருப்பதால் டேலி ஓடும், அது நல்லது. ஆனால் இன்னும் ஏழெட்டு வருடத்தில் விண்டோஸ் 11-ம் முழுக்குப் போடும். அப்போது இந்தக் கணினிகளும் தம்பி தங்கைகளுக்குத்தான் போகும். அன்றைக்கு அந்த இரண்டாவது வரி அங்கே இருக்குமா, அதைத் திறக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பாரா என்பது இப்போது கல்லூரிகளில் ஒரு மணி நேரம் ஒதுக்குவார்களா என்பதைப் பொறுத்தது. ஒரு மணி நேரம் போதும். வைஃபை எப்படி, பாஸ்வேர்டு ஏன் தெரியவில்லை, தமிழ் எப்படி, டேலிக்கு என்ன வழி. மீதியைப் பென்டிரைவ் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அதுவரை, வீட்டில் பீரோ மேல் அக்காவுடையதோ அண்ணனுடையதோ ஒன்று கிடந்தால், காயலான் கடையில் போடும் முன் ஒரு தடவை முயன்று பாருங்கள். லினக்ஸை நிறுவக்கூட வேண்டாம், பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருக்கிற எதுவும் அழியாது. வைஃபை வரவில்லை என்றால் செல்போன் வயரை மாட்டுங்கள். பாஸ்வேர்டு தெரியவில்லை என்றால் பயப்படாமல் அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள்.